பல்லுக்குக் கொடுத்த மாத்திரை

முதியவர் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தவுடன் மருத்துவர்கள் அடுக்கடுக்காகக் கேள்வி கேட்பார்கள். மகன் பதில் சொல்வார், மகள் திருத்துவார், மருமகள் பின்னால் நின்றபடி விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்ப்பார். நம் குடும்பங்களில் இதுதான் வழக்கம், இதில் யோசிக்க எதுவும் இருப்பதாக நானும் நினைத்ததில்லை. சென்ற ஆண்டு என் பெரியம்மா படுத்திருந்த கட்டிலருகே நின்றபோது அந்த வழக்கம் என் கண்ணெதிரே தோற்றுப்போயிற்று. அன்றிலிருந்து இதைப் பற்றி உறவினர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். சிலர் ஒப்புக்கொள்கிறார்கள், சிலர் நான் ஒரு சின்ன விஷயத்தைப் பெரிதாக்குவதாகச் சொல்கிறார்கள். சின்ன விஷயம் என்று என்னால் ஒதுக்க முடியாததால் இதை எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். நீரிழிவுக்கும் ரத்த அழுத்தத்துக்கும் பலதுறை மருந்தகத்தில் மருந்து வாங்குகிறார். நெஞ்செரிச்சலுக்குப் பல ஆண்டுகளாக ஓமெப்ரசோல் சாப்பிடுகிறார். அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போகிறவர்கள். அக்கா ஜூரோங்கில் இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பார். பகல் முழுவதும் பெரியம்மாவோடு இருப்பவர் இலங்கையின் ஹட்டன் பகுதியிலிருந்து வந்த பணிப்பெண்தான். குளிக்க வைப்பது, வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது, சமைப்பது, கழிவறைக்குக் கைபிடித்து அழைத்துச் செல்வது, இரவில் கழிவறைக்குப் போகும்போது விழாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. தமிழ் பேசுகிறவர் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று அண்ணி அடிக்கடி சொல்வார்.

உணவின் மீது விழுந்த சந்தேகம்

வயிற்றுப்போக்கு தொடங்கியபோது வீட்டில் எல்லாரிடமும் ஒரு காரணம் தயாராக இருந்தது. தேக்கா சந்தையில் வாங்கிய மீன் பழசாக இருந்திருக்கும் என்றார் அண்ணி. உறவினர் வீட்டு விருந்தில் சாப்பிட்ட பிரியாணியாக இருக்கும் என்றார் அண்ணன். அக்கா தொலைபேசியிலேயே உடம்புச் சூடு என்று முடிவு கட்டி, வெந்தயத்தை ஊற வைத்துத் தயிரில் கலந்து கொடுக்கச் சொன்னார். ஓமத்தண்ணீர் வந்தது, பார்லித் தண்ணீர் வந்தது, எதிர்வீட்டுச் சீன அம்மா அன்போடு போ சாய் மாத்திரைக் குப்பிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். எதுவும் கேட்காமற்போகவே, பேச்சு மெல்ல மெல்லச் சமையலறைக்குள் நுழைந்தது. காய்கறியைச் சரியாகக் கழுவுகிறாயா, நேற்றைய குழம்பைச் சூடுபடுத்திக் கொடுத்தாயா, கைகளைக் கழுவிவிட்டுத்தான் சோறு போடுகிறாயா என்று அந்தப் பெண்ணிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. கடுமையான சொற்களில் எவரும் கேட்கவில்லை. ஆனாலும் குற்றம் தன் தலையில் விழுகிறது என்பது அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது.

நம்மவர்களுக்கு வயிற்றில் எது வந்தாலும் அதற்குக் காரணம் சாப்பாடுதான். இந்த எண்ணம் முழுத் தவறும் இல்லை. உணவு நஞ்சாகி வரும் வயிற்றுப்போக்கு உண்டு, ஆனால் அது பெரும்பாலும் சில நாட்களில் தானாக அடங்கிவிடும், ஒரே உணவைச் சாப்பிட்ட மற்றவர்களையும் தொடும். பெரியம்மாவுக்கு மட்டும் வந்து, நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயிற்று. இடையில் அண்ணன் அவரைப் பக்கத்து மருந்தகத்துக்கு அழைத்துப் போனார். கரி மாத்திரையும், போக்கை நிறுத்தும் லோப்பரமைடும் கொடுத்தார்கள். இரண்டு நாட்களில் போக்கு குறைந்தது, வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. அதன் பிறகு வயிறு உப்பத் தொடங்கியது. காய்ச்சல் வந்தது. பெரியம்மா பேச்சில் தடுமாறினார், செம்பவாங்கில் எப்போதோ இருந்த பழைய வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். அன்று இரவே அவசரசிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனோம்.

போக்கு நின்றதை நாங்கள் குணமாகக் கொண்டோம் என்பதுதான் இந்தக் கதையில் என்னை அதிகம் அச்சுறுத்துகிற பகுதி. நோயின் காரணம் நச்சு சுரக்கும் கிருமியாக இருக்கும்போது, குடலின் அசைவைத் தடுக்கும் மருந்து அந்த நச்சை உள்ளேயே தேக்கி வைத்துவிடலாம் என்பதால் மருத்துவர்கள் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். அது மட்டுமல்ல, நோய் முற்றும்போது பெருங்குடலே அசைவிழந்து நின்றுவிடுவதும் உண்டு. அப்போது போக்கு தானாகவே குறையும், வயிறு வீங்கும். குடல் அளவுக்கு மீறி விரிந்து கிழியும் நிலைக்குப் போனால் அறுவை சிகிச்சையைத் தவிர வேறு வழி இருக்காது. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இந்த ஆபத்தும் குணமும் சில மணி நேரம் ஒரே தோற்றத்தில்தான் இருக்கும்.

அந்தக் கேள்வி

மறுநாள் காலை இளம் பெண் மருத்துவர் ஒருவர் வந்தார். ரத்தத்தில் வெள்ளணுக்கள் மிக அதிகமாக இருப்பதாகவும் சிறுநீரகம் சற்றுத் தளர்ந்திருப்பதாகவும் சொல்லிவிட்டு, அண்மையில் ஆன்டிபயாட்டிக் ஏதாவது சாப்பிட்டாரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணன் இல்லை என்றார். அக்காவும் இல்லை என்றார். காய்ச்சல், சளி எதற்கும் அவர் மருந்தகம் போகவே இல்லை என்று அண்ணி உறுதி கூறினார். மூவரும் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்த அளவில் அதுதான் உண்மை. மருத்துவரும் கணினியைப் பார்த்தார். தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவு 2011இல் தொடங்கப்பட்டுவிட்டது என்றாலும், தனியார் மருந்தகங்கள் கொடுக்கும் மருந்து எல்லாம் அதில் வந்து சேர்ந்திருக்கும் என்று சொல்ல முடியாது. திரையிலும் ஒன்றும் இல்லை.

பிறகு அந்த மருத்துவர் செய்ததை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். குறிப்பேட்டை மூடவில்லை. கட்டிலின் மறுபக்கம் பெரியம்மாவின் காலடியில் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த பணிப்பெண்ணின் பக்கம் திரும்பி, வீட்டில் இவருக்கு மாத்திரை கொடுப்பது யார் என்று கேட்டார். நான்தான் என்று அந்தப் பெண் தயங்கியபடி சொன்னதும், மருத்துவர் அங்கிருந்த தமிழ்த் தாதி ஒருவரை அழைத்துத் தமிழில் கேட்கச் சொன்னார். கேள்வியும் மாறியிருந்தது. கடந்த மூன்று மாதங்களில், தினமும் சாப்பிடும் மாத்திரையைத் தவிர, எவராவது எதற்காவது ஏதேனும் மாத்திரை கொடுத்தார்களா? பல்லுக்கு, கண்ணுக்கு, காலில் புண்ணுக்கு?

“பல்லுக்குக் குடுத்த குளிசை இருக்கு மிஸ்ஸி. அது முடிஞ்சு போச்சு. உறையை எடுத்து வச்சிருக்கேன்” என்றார் அவர்.

தோள்பையின் பக்கப் பையிலிருந்து, ரப்பர் வளையம் போட்ட ஒரு சிறு கட்டை எடுத்தார். மருந்தகங்களில் மாத்திரை போட்டுக் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் உறைகள், எல்லாம் காலியானவை, தேதி வரிசையில் அடுக்கப்பட்டவை. அவற்றுள் ஒன்றில் கிளிண்டாமைசின் என்று அச்சிட்டிருந்தது. ஒரு மாதத்துக்கும் முந்தைய தேதி. ஈறு வீங்கிச் சீழ் கட்டியதற்காகப் பல் மருத்துவர் கொடுத்தது. அன்று பெரியம்மாவைப் பல் மருந்தகத்துக்கு அழைத்துப் போனவரும் அந்தப் பெண்தான். பல்வலி ஒரு வாரத்தில் போய்விட்டதால் வீட்டில் மற்றவர்கள் அதை மறந்தே போனார்கள். பல் மருத்துவரிடம் போவதை நாம் மருத்துவக் கணக்கில் சேர்ப்பதில்லை அல்லவா?

தாதி அடுத்ததாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது என்று கேட்டார். நான்கைந்து முறை இருக்கும் என்று அண்ணன் தொடங்கினார். பணிப்பெண் குரலைத் தாழ்த்தி, பத்துக்கு மேல், இரவில் மட்டும் ஐந்தாறு முறை என்றார். நிறம், வாடை, சளி கலந்திருந்தது என எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று அக்கா சட்டென்று கேட்டுவிட்டார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. தாதிதான் பதிலாக, “கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க அக்கா” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

சமைக்கிறவர் மீது சந்தேகம் விழுந்துவிட்ட வீட்டில், போக்கு அதிகமாகிறது என்று அந்தச் சமைக்கிறவரே எப்படி வாயைத் திறப்பார்? ஒவ்வொரு முறை எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்வதும் தன் மீதான குற்றத்தைத் தானே கூட்டிக்கொள்வதாக ஆகும். இதில் கூச்சமும் சேர்ந்துகொள்கிறது. அம்மாவின் மலத்தைப் பற்றி மகனிடம் ஒரு பெண் எப்படி விவரிப்பது, அதையும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும் மகனிடம்? பெரியம்மாவும் தன் பிள்ளைகளிடம் இதைப் பேசக் கூசினார், “ஏதோ கொஞ்சம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். இப்படியாக, நோயைப் பற்றிய முழு விவரமும் வீட்டில் ஒருவரிடம் மட்டும் இருந்தது, அவர் பேசுவதற்கு வழியில்லாமல் இருந்தார்.

மருந்து முடிந்த பிறகு வரும் நோய்

மலப் பரிசோதனையில் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற கிருமியின் நச்சு இருப்பது உறுதியானது. மருத்துவமனையில் எல்லாரும் அதைச் சுருக்கமாக சி டிஃப் என்கிறார்கள். இந்தக் கிருமி நம் குடலில் தங்கியிருந்தும் ஒன்றும் செய்யாமல் இருக்கக்கூடியது. 1935இல் ஹால், ஓ’டூல் என்ற இருவர் முதன்முதலில் இதைக் கண்டெடுத்ததே நலமாக இருந்த பச்சிளங்குழந்தைகளின் மலத்திலிருந்துதான். வித்தாக உறங்கும் அந்தக் கிருமியை வளரவிடாமல் வைத்திருப்பவை குடலில் வாழும் மற்ற ஆயிரக்கணக்கான நுண்ணுயிர்கள். கல்லீரல் சுரக்கும் பித்த உப்புகள் சில, இந்த வித்துகள் முளைக்கத் துணை செய்பவை. குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அந்த உப்புகளை வேறு வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன, மாறிய வடிவமோ கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கிறது. ஆன்டிபயாட்டிக் உள்ளே போனதும் ஈற்றுச் சீழில் இருக்கும் கிருமியோடு இந்த நல்ல நுண்ணுயிர்களும் அழிகின்றன. களையெடுக்கப் போய்ப் பயிரையும் பிடுங்கிய வயலில் முதலில் தலைகாட்டுவது களைதான். முளைத்த கிருமி சுரக்கும் இரண்டு நச்சுகள் பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகின்றன. மோசமான நிலையில் அந்தச் சுவரில் மஞ்சள் நிறத் திட்டுகள் சவ்வுபோலப் படர்கின்றன.

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி, ஆன்டிபயாட்டிக் சாப்பிடும் நாட்களிலும் அது முடிந்த அடுத்த மாதத்திலும் இந்நோய் வரும் வாய்ப்பு மற்ற நேரத்தைவிட ஏழிலிருந்து பத்து மடங்கு அதிகம். மூன்று மாதம் வரை கூட அபாயம் முழுவதுமாக நீங்குவதில்லை. மருந்தையும் நோயையும் வீட்டில் எவரும் சேர்த்துப் பார்க்காததற்கு இந்த இடைவெளிதான் காரணம். சாப்பிட்டு அரைமணி நேரத்தில் உடம்பு தடித்தால் உடனே மருந்தைச் சந்தேகிப்போம். பல்வலி ஆறி, உறை காலியாகி, ஒரு தீபாவளியும் கடந்துபோன பின் வயிறு கெட்டால் மீனைத்தான் சந்தேகிப்போம்.

வயதானவர்களை இது ஏன் இப்படித் தாக்குகிறது என்பதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. வயது ஏற ஏறக் குடலின் நுண்ணுயிர் வகைகள் குறைகின்றன, நச்சுக்கு எதிரான உடலின் எதிர்ப்பாற்றல் மந்தமாகிறது, மருத்துவமனையும் தாதிமை இல்லமும் அடிக்கடி போய்வரும் இடங்களாகின்றன. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் போன்ற மாத்திரைகளுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதே மையம் தரும் இன்னொரு கணக்கு என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மருத்துவச் சூழலில் இந்நோய் கண்ட 65 வயதைக் கடந்தவர்களில் பதினொருவருக்கு ஒருவர் ஒரு மாதத்துக்குள் இறந்துவிடுகிறார். அது அமெரிக்கக் கணக்குதான். நம் நாட்டிலும் குடிமக்களில் ஏறக்குறைய ஐவருக்கு ஒருவர் 65ஐத் தாண்டிவிட்ட இந்நாளில் அதை அயலூர்ச் செய்தியாகப் படித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கிளிண்டாமைசினின் கதை எனக்குத் தனியாகவே சுவையாக இருந்தது. 1974இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் டெடெஸ்கோ என்ற மருத்துவரும் சகாக்களும் அம்மருந்து சாப்பிட்ட 200 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். வயிற்றுப்போக்கு வந்தவர்களின் குடலுக்குள் கருவியைச் செலுத்திப் பார்த்தார்கள். 200 பேரில் 21 விழுக்காட்டினருக்குப் போக்கு வந்திருந்தது. 10 விழுக்காட்டினரின் குடலில் சவ்வு படர்ந்த அழற்சி இருந்தது. அந்த அழற்சி புதிதன்று. 1893இலேயே ஃபின்னி என்ற அறுவை மருத்துவர் அதை விவரித்திருந்தார். ஆனால் ஒரு குறிப்பிட்ட மருந்தை உண்டவர்களிடம் வரிசையாகப் போய்க் கேட்டு, உள்ளே பார்த்தும் விட்டபோதுதான் அது இத்தனை பேருக்கு வருகிறது என்பது வெளிப்பட்டது. அதன் பின்னே, 1978இல் பார்ட்லெட் குழுவினர் குற்றவாளி இந்தக் கிருமிதான் என்று நிறுவினார்கள். கிளிண்டாமைசின் மட்டும் இதைச் செய்வதில்லை. செஃபலோஸ்போரின் வகை, சிப்ரோஃப்ளாக்சசின் வகை, அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை ஆகியவையும் இதற்குப் பேர்போனவை. ஏறக்குறைய எந்த ஆன்டிபயாட்டிக்கும் செய்யக்கூடும்.

ஆகையால் “ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டாரா” என்று மொட்டையாகக் கேட்பது நம் வீடுகளில் பயன்படாது என்பது என் முடிவு. பல் மருத்துவர் கொடுத்தது பல்வலி மாத்திரை, காலில் அடிபட்டதற்குக் கொடுத்தது புண் மாத்திரை, சிறுநீர் எரிச்சலுக்குக் கொடுத்தது கடுப்பு மாத்திரை என்றுதான் வீட்டில் பெயர். இவற்றோடு ஊர் மாத்திரை என்று ஒன்று உண்டு. இங்கே மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் ஆன்டிபயாட்டிக் வாங்க முடியாது என்பதால், திருச்சிக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் அங்கே தெருமுனை மருந்துக்கடையில் அசித்ரோமைசின் அட்டைகளை வாங்கிக்கொண்டு வந்து குளிர்பதனப் பெட்டியின் கதவில் வைத்திருப்பதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் பார்த்திருக்கிறேன். தொண்டை கரகரத்தால் பாட்டிக்கும் அதிலிருந்து ஒன்று கிடைக்கும். எந்தக் கணினியிலும் அது ஏறாது. உறுப்புகளைப் பெயர் சொல்லி ஒவ்வொன்றாகக் கேட்டால்தான் வெளியே வரும், கேட்கப்படுபவர் மாத்திரையைக் கையில் எடுத்துக் கொடுத்தவராகவும் இருக்க வேண்டும்.

சோப்பும் தண்ணீரும்

பெரியம்மாவைத் தனியறைக்கு மாற்றினார்கள். உள்ளே போகிறவர்கள் மேலங்கியும் கையுறையும் அணிய வேண்டும், வெளியே வரும்போது சோப்பும் தண்ணீரும் கொண்டு கையைக் கழுவ வேண்டும். கொவிட் காலத்துக்குப் பிறகு நம் எல்லாருக்கும் கைக்கழுவு நீர்மத்தைப் பார்த்தால் கை தானாக நீளும் பழக்கம் வந்துவிட்டது. அண்ணனும் அதைத்தான் செய்தார். ஆல்கஹால் இந்தக் கிருமியின் வித்துகளைக் கொல்லாது, ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால்தான் அவை கையை விட்டுப் போகும் என்று தாதி தடுத்தார். கட்டில் கம்பி, கழிவறை இருக்கை, கதவுப் பிடி என எங்கு ஒட்டினாலும் வித்துகள் மாதக்கணக்கில் கிடக்கும். அவற்றை அழிக்கக் குளோரின் கலந்த வெளுப்புத் திரவம் வேண்டும்.

மருந்தாக வேன்கோமைசினை வாய்வழியே கொடுத்தார்கள், ஒரு நாளைக்கு நான்கு வேளை, பத்து நாட்களுக்கு. ஊசியில் ஏற்றினால் விரைவில் குணமாகுமே என்று அக்கா கேட்டார். ஊசியில் ஏற்றும் வேன்கோமைசின் ரத்தத்தில் ஓடுமே தவிரக் குடலின் உள்ளே வந்து சேராது; வாயில் கொடுத்தால் ரத்தத்தில் ஏறாமல் நேராகக் குடலுக்குப் போய்விடும், இங்கே தேவை அதுதான் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஃபிடாக்சோமைசின் என்ற மருந்தும் இருக்கிறது. நோய் திரும்ப வருவதை அது கூடுதலாகக் குறைக்கிறது என்பதால் அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2021இல் அதை முதல் தெரிவாக்கியது. விலைதான் அதிகம். முதல் முறை குணமானவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நோய் திரும்புகிறது, திரும்பியவர்களுக்கு மறுபடி திரும்பும் வாய்ப்பு இன்னும் கூடுகிறது. அப்படித் திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு நலமான ஒருவரின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை ஒன்று உண்டு. நெதர்லாந்தில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமானதால், ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். மருத்துவர் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது பெரியம்மா முழு நினைவோடு இருந்தார். தாதி அதைத் தமிழில் சொன்னதும், “அதுக்கு நான் செத்தே போறேன்” என்றார். அவருக்கு நினைவு தெளிந்துவிட்டது என்று எங்களுக்கு உறுதியானது அப்போதுதான்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் ஒரு தாளில் ஆங்கிலத்தில் குறிப்புகளை அச்சிட்டு அண்ணன் கையில் கொடுத்தார்கள். நான் குறுக்கிட்டு, பணிப்பெண்ணுக்கும் தமிழில் ஒரு முறை சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அரைமணி நேரம் ஆனது. அண்ணனிடம் ஒரு கேள்வியும் இருக்கவில்லை, கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் இருந்தன. அம்மாவின் துணியை மற்றவர்கள் துணியோடு இயந்திரத்தில் போடலாமா? வெளுப்புத் திரவத்தில் எத்தனை பங்கு தண்ணீர் கலப்பது? கழிவறை ஒன்றுதான் தனக்கும் அம்மாவுக்கும், தனக்கும் வருமா? எத்தனை முறை போனால் மறுபடி கூட்டிவர வேண்டும்? ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் தண்ணீராகப் போனால் காத்திருக்காமல் வாருங்கள், கெட்டியாகப் போனால் மலத்தைக் கொண்டுவந்து சோதிக்க வேண்டியதில்லை, குணமான பிறகும் சில வாரங்கள் பரிசோதனையில் கிருமி தெரியலாம் என்று தாதி சொன்னார். போக்கை நிறுத்தும் மாத்திரை எதையும் வீட்டில் கொடுக்க வேண்டாம் என்பதை இரண்டு முறை சொன்னார். கடைசியாக அந்தப் பெண், மறுபடி பல்வலி வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

அடுத்த பல்வலி

அக்கேள்வியால்தான் பெரியம்மாவுக்குக் கிளிண்டாமைசின் ஏன் கொடுக்கப்பட்டது என்பதையே நாங்கள் யோசித்தோம். ஈற்றுச் சீழுக்கு வழக்கமாகக் கொடுப்பது பெனிசிலின் குடும்பத்து அமாக்சிசிலின். பெரியம்மாவுக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று எல்லாப் பதிவுகளிலும் இருக்கிறது. அவருடைய அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த காலத்தில், சிறுமியாக இருந்தபோது ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்ததாக அவருடைய அம்மா சொல்லியிருக்கிறார். ஊசியால் தடித்ததா, அந்தக் காய்ச்சலாலேயே தடித்ததா என்று சொல்ல இப்போது ஆள் இல்லை. அந்த ஒரு சொல் எழுபது ஆண்டுகளாக அட்டையிலிருந்து அட்டைக்கு, அட்டையிலிருந்து கணினிக்கு நகல் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது. பல் மருத்துவர் அந்தப் பதிவை மதித்து மாற்று மருந்து கொடுத்தார், அதில் அவரைக் குறை சொல்ல நான் தயாரில்லை.

பெனிசிலின் ஒவ்வாமை உண்டு என்று நம்புகிறவர்களை முறையாகச் சோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இருப்பதில்லை. உண்மையாகவே இருந்தவர்களிலும் பெரும்பாலாருக்குப் பத்து ஆண்டுகளில் அது மறைந்துவிடுகிறது. அப்பதிவு இருப்பதாலேயே அவர்களுக்கு வேறு வகை ஆன்டிபயாட்டிக்குகள் எழுதப்படுகின்றன. பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை வைத்து நடந்த ஒரு பெரிய ஆய்வு, அப்பதிவு உள்ளவர்களுக்கு சி டிஃப் வரும் வாய்ப்பு 26 விழுக்காடு கூடுதல் என்று 2018இல் காட்டியது. பல் சிகிச்சைக்கு முன் இதயத்தைக் காக்கக் கொடுக்கும் மருந்துப் பட்டியலிலிருந்து அமெரிக்க இதயச் சங்கம் கிளிண்டாமைசினை 2021இல் நீக்கியதற்கும் இந்த வகைத் தீங்குகள்தான் காரணம்.

ஒவ்வாமைச் சோதனைக்கு அனுப்பலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். பெரியம்மாவுக்கு விருப்பமில்லை. எழுபது வருஷமா இல்லாத சோதனை இந்த வயசில எதுக்கு என்கிறார். அண்ணன் அம்மாவின் பக்கம், அக்கா மருத்துவரின் பக்கம். எனக்கு அக்கா சொல்வதுதான் சரியாகப் படுகிறது. இன்னும் ஒரு முறை ஈறு வீங்காது என்று எவரும் உறுதி கூற முடியாது. ஒரு வழியாகச் சம்மதிக்க வைத்துத் தேதியும் வாங்கினோம். சோதனைக்கு முன் சில நாட்கள் அரிப்பு, தும்மலுக்கான ஒவ்வாமை மாத்திரை எதையும் சாப்பிடக் கூடாது என்று மருந்தகத்திலிருந்து தொலைபேசியில் நினைவுபடுத்தினார்கள். அப்படி எதுவும் அம்மா சாப்பிடுவதில்லை என்று அண்ணன் சொல்ல வாயெடுத்தார், பிறகு தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பிக் கேட்டார். இரவில் கால் அரிக்கிறது என்று பக்கத்து மருந்தகத்தில் வாங்கிய வெள்ளைக் குளிசை ஒன்று உண்டு, நேற்றும் கொடுத்தேன் என்று பதில் வந்தது. தேதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள்.